உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

பாஸ்டர், கடற்கரையோரம் லேப்டாப் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு பழைய போர்வையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்வேன். வேலை முடிந்ததும் போர்வையில் சுற்றி பீரோவுக்குள் வையுங்கள் என்பேன். யார் கேட்கிறார்கள்? கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று சன்னல் கம்பியையே தின்றுவிடுகிறது, லேப்டாப்பை விட்டுவைக்குமா? சதுரங்கப்பட்டினத்தில் எனக்குச் சோறு போடுவது அந்த உப்புக் காற்றுதான்.

"வூட்ல இன்னா பிரச்சின ஸ்டான்லி, ஜாக்குலின் ஏன் திருவிருந்து எடுக்கறதில்ல?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள். சபை வாசலில் செருப்பு தேடிக்கொண்டே சொல்கிற விஷயமில்லை அது. அதனால்தான் தனியாக வந்தேன். என் மனைவி மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

வைஃபை வரவில்லை என்று யாராவது வந்தால் அவர்கள் கண்முன்னால்தான் லேப்டாப்பைத் திறப்பேன். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்ன அட்டை இருக்கும். அதுதான் வைஃபை கார்டு. அதன் ஓரத்தில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள். பற்களில் உப்பு பூத்துவிட்டால், கார்டு இருப்பதே லேப்டாப்புக்குத் தெரியாது. பென்சில் அழிக்கிற ரப்பரால் பதமாகத் தேய்த்து, மறுபடி சொருகி, ஒரு திருகாணி முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு நான் டாக்டர் மாதிரி. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அது பிடிக்கும்.

ஜாக்குலினின் லேப்டாப் முதல் தடவை உண்மையாகவே உப்பில்தான் போனது. அப்போது அவள் செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமென்று ஆன்லைனில் அந்த ஊர்ப் பாஷையைப் படித்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, நெட்டு சுத்தமா காட்டவே மாட்டேங்குது, கிளாஸு போயிடும்போல கீது," என்று கண் கலங்கி நின்றாள். நான் ரப்பர் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அந்த ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? "ஆண்டவர் என் வூட்டுக்காரர் கைய உபயோகப்படுத்துனாரு, ஸ்தோத்திரம்" என்றாள். நீங்களும் ஸ்டான்லியின் கை ஆசீர்வாதமான கை என்றீர்கள். அடுத்த வாரம் பாதி சபை ஓட்டை லேப்டாப்போடு வந்து நின்றது. எல்லாவற்றையும் சும்மாதான் பார்த்துக் கொடுத்தேன்.

பெண்டாட்டி வேலைக்குப் போவது பிடிக்காதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. தினமும் பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டவன் நான். மழையில் கூட. அவள் முதலில் போவது, பிறகு என்னை அழைத்துக்கொள்வது என்றுதான் பேச்சு. "அங்க போய் நான் இன்னா பண்ண?" என்று கேட்டேன். "வூட்ட பாத்துக்கினு ஜாலியா இருங்க. நான் சம்பாரிச்சுப் போடறேன், நீங்க எனக்கு நாஸ்தா பண்ணிப் போடுங்க," என்று சிரித்தாள். கேலிதான். நானும் சிரித்தேன். ஆனால் இந்த ஊரில் நான் ஸ்டான்லி. அங்கே ஜாக்குலினுடைய வீட்டுக்காரன். அவள் கத்தரிக்காய் நறுக்கும்போது அந்தப் பாஷையில் ஏதோ சொல்லித் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். என்ன சொன்னாய் என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாது வுடுங்க" என்பாள். எனக்கு வயிறு எரிந்தது, பாஸ்டர். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போகட்டும். அந்த மாதம் நீங்கள் ஒரு பிரசங்கம் செய்தீர்கள். முடிவெடுக்கத் தெரியாதபோது ஆண்டவரிடம் அடையாளம் கேளுங்கள், திறக்க வேண்டிய கதவை அவர் திறப்பார், அடைக்க வேண்டியதை அடைப்பார் என்று. உங்களைக் குறை சொல்லவில்லை. நல்ல பிரசங்கம். ஜாக்குலின் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஜெர்மனிக்காரர்களின் ஆன்லைன் தேர்வும் நேர்காணலும் நெருங்கியபோது, குடும்ப ஜெபத்தில் முழங்கால் போட்டுச் சத்தமாகக் கேட்டாள்: "ஆண்டவரே, நான் போறது உம்ம சித்தம்னா அன்னிக்கு லைன் தடையில்லாம கெடைக்கட்டும். சித்தம் இல்லன்னா நீரே கதவ அடைச்சிடும். நான் மறுபேச்சு பேசமாட்டேன்."

பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த நான் ஆமென் சொன்னேன். அந்த ஆமென் சொல்லும்போதே நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

தேர்வு அன்று காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். ஒரு தடவை எல்லாம் சரியாக இருக்கிறதா பார்த்துவிடுகிறேன் என்று லேப்டாப்பை வாங்கி வைத்திருந்தேன். திறந்தேன். கார்டை உருவி, அந்தத் தங்கப் பற்களின் மேல் துளி செல்லோடேப்பை ஒட்டி, மறுபடி சொருகித் திருகாணியை முடுக்கினேன். கார்டு அதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. வேறு மெக்கானிக் யாராவது திறந்து பார்த்தால்கூடச் சட்டென்று தெரியாது. அவள் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் மூடிவிட்டேன்.

வைஃபை வரவில்லை. முதலில் அவள் பதறவில்லை. "நீங்க கீறீங்க இல்ல, பாத்துடுவீங்க," என்றாள். பார்த்தேன். டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டேன். வராது என்று தெரிந்தே போட்டேன். செங்கல்பட்டிலிருந்து சிநேகா போன் செய்தாள். கூட வேலை பார்க்கிற பெண், இவளோடு சேர்ந்து படித்தவள். "யக்கா, டென்சன் ஆவாத. போன்ல இருந்து கேபிள் போட்டு லேப்டாப்ல சொருவு, நெட்டு வந்துடும்," என்றாள். கெட்டிக்காரப் பெண். நான் கடையிலிருந்து ஒரு கேபிள் கொண்டுவந்து கொடுத்தேன். சார்ஜ் மட்டும் ஏறும், நெட் போகாத மலிவு கேபிள் அது. போனில் சார்ஜ் ஏறுவதை ஜாக்குலின் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் கடைக் கம்ப்யூட்டரில் எழுதலாமா என்று கேட்டாள். தேர்வு நடத்துகிறவர்கள் பதிவு செய்து வைத்த லேப்டாப்பில் மட்டும்தான் எழுத முடியும். அது உண்மை. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை.

நேரம் கடந்துவிட்டது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடினாள். "சரிங்க. அடைச்சிட்டாரு," என்றாள். என் கையைப் பிடித்து, "பாவம், நீங்க எவ்ளோ போராடுனீங்க," என்றாள். உப்புக் காற்று என்று நான் சொன்னேன்.

அதோடு முடிந்திருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன்.

ஆண்டவர் அடைத்தார், சரி. ஏன் அடைத்தார் என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பிடாமல் உபவாசம் இருந்தாள். உபவாசம் முடித்த அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னாள். நர்ஸிங் பயிற்சியில் இருந்தபோது வார்டில் ஒரு அம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். இவள் இதோ வருகிறேன் என்று சொல்லி நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டாளாம். எழுந்து பார்த்தபோது அந்த அம்மா உயிரோடு இல்லை. நோய் முற்றியவர்தான், தண்ணீர் கிடைக்காததால் சாகவில்லை. இவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. "அந்தப் பாவத்த வச்சிக்கினு நான் அடுத்த தேசத்துக்காரங்க உசுர கையில வாங்கலாமா? அதான் அடைச்சிட்டாரு. என் கை அவருக்கு வாணாங்க," என்றாள்.

என்னிடம் மன்னிப்பு கேட்டாள். மறைத்துவிட்டதற்காக. நான் மன்னித்தேன். தலையைத் தடவி, விடு ஜாக்கு, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் ஒரு தடவைதான் சொன்னேன். திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுப்பதையும் நிறுத்தினாள். அந்தக் கையால் அப்பத்தைத் தொடக்கூடாதாம். என்னோடு கடையில் வந்து உட்கார்ந்தாள். ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பாள், வருகிறவர்களிடம் நன்றாகப் பேசுவாள். மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். நான் பொய் சொல்ல மாட்டேன் பாஸ்டர், அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

வரதன் அண்ணன் ஆட்டோவை நிறுத்திவிட்டு எங்கள் கடை பெஞ்சில்தான் உட்காருவார். வந்தால் வாய் ஓயாது, ஜாக்குலினை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டார். அன்று பேசாமல் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஸ்டான்லி, நெஞ்சு ஒரு மாதிரி கீதுப்பா," என்றார். அப்படியே சாய்ந்துவிட்டார். "ஜாக்கு, ஓடியா, பாரு" என்று கத்தினேன்.

அவள் கவுன்டருக்குப் பின்னால் நின்றாள். கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "என் கை வாணாங்க. வேற யாரயாச்சும் கூப்புடுங்க," என்றாள். எத்தனையோ பேரின் நெஞ்சை அழுத்தி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்த கை அது. நான் எனக்குத் தெரிந்த மாதிரி அவர் நெஞ்சை அழுத்தினேன். எங்கே அழுத்துவது, எவ்வளவு அழுத்துவது, எனக்கு என்ன தெரியும்? எனக்கு ரப்பரால் தேய்க்கத் தெரியும். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் வரதன் அண்ணன் போய்விட்டார்.

அவர் மனைவி பெயர் வேண்டா. அவள் வந்து அழுதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அழுது முடித்துவிட்டு ஜாக்குலினின் இரண்டு கைகளையும் பிடித்து, "நீ நர்ஸாச்சேம்மா. பக்கத்துலயே இருந்துகினுமா?" என்று கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டா யாரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது என்று எனக்குத் தெரியும்.

ஜாக்குலின் வீட்டுக்கு வந்து கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். "பாத்தீங்களா, என் கை பட்டாலும் சாவு, படாட்டியும் சாவு," என்றாள்.

இப்போது தினமும் காலையில் பீரோவிலிருந்து லேப்டாப்பை எடுக்கிறாள். போர்வையைப் பிரித்து, முழங்கால் போட்டு, "என்ன மன்னிச்சிட்டீருன்னா இந்த வைஃபை தானா வரட்டும் ஆண்டவரே" என்று கேட்கிறாள். பிறகு திறந்து, திரையின் மூலையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். மறுபடி சுற்றி வைத்துவிடுகிறாள். நான் சரிபார்த்துத் தரட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "வாணாம், நீங்க தொடாதீங்க. அவரே பண்ணட்டும்," என்றாள். நான் தொடவில்லை. அவள் பேச்சை நான் மீறுவதில்லை.

அந்த டேப்பை உரிப்பது ஐந்து நிமிட வேலை. அவள் மத்தியானம் கண்ணயரும்போது செய்துவிடலாம். மறுநாள் காலையில் ஆண்டவர் அவளை மன்னித்திருப்பார். அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பல தடவை போர்வையைப் பிரித்துவிட்டேன். திருகாணி வரைக்கும் போயிருக்கிறேன். ஆனால் கை கிடைத்துவிட்டால் திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப அந்தப் பாஷை, அப்புறம் ஜெர்மனி. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நான் யாரோடு சாப்பிடுவேன்?

அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள் பாஸ்டர், நீங்கள் சொன்னால் கேட்பாள். அந்த டேப்பைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆண்டவர் மேல் வைத்திருக்கிற நம்பிக்கை உடைந்துவிடும், பாவம். நாளைக் காலையும் திறந்து பார்ப்பாள். வராது.