மைக் வைக்காத பதிவு

“ஹலோ... ஆமாப்பா, நான்தான், ஸ்டுடியோவுல இருந்துதான் பேசறேன்... இல்ல இல்ல, தொந்தரவெல்லாம் இல்ல, சொல்லுங்க...”

அவன் வேலையை நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பினான். அழைப்பது நண்பனின் அப்பா. விபத்தில் மகன் போன பிறகு அவர் இந்த எண்ணுக்குப் பேசுவது இதுதான் முதல் தடவை.

“ஆமா, ஆமா, நெட்டை எல்லாப் பாட்டையும் வாசிச்சு முடிச்சுட்டான்... மன்னிச்சுக்கோங்கப்பா, நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்... குரலா? அவன் பாடலையே, கிட்டார் மட்டும்தான்... ஓ... நடுவுல பேசினது, சிரிச்சது... அவன் போனும் விபத்துல நொறுங்கிப் போச்சா... புரியுதுப்பா.”

“எப்படிச் சொல்றது... மைக்கே வைக்கலப்பா... ஒண்ணுகூட இல்ல. கிட்டார்ல இருந்து ஒரு ஒயரு, காலடியில ப்ரீஆம்ப்னு உள்ளங்கை அளவு டப்பா, அங்கேருந்து நேரா கம்ப்யூட்டருக்கு... ஆமா, அந்த உறுமல் எல்லாம் அந்த டப்பாவோடதுதான். பெரிய ஸ்பீக்கர்ல வர்ற மாதிரி அப்புறமா கம்ப்யூட்டர்ல மாத்திக்குவோம். மாத்தலேன்னா தகரத்துக்குள்ள வண்டு மாட்டின மாதிரி இருக்கும்... ஆமா, நீங்க சொல்ற அதே வண்டுதான்... ரூம்ல சத்தமே வராது. ரெண்டு பேரும் ஹெட்போன்ல கேட்டுக்குவோம்.”

“பேசினான்பா. எங்க வாயை மூடினான்? ஆனா அதைப் பிடிக்க அங்க எதுவும் இல்லையே...”

“ஏன்னா... இப்ப எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க... ஆமா, முன்னாடி ஆம்ப்னு பெரிய ஸ்பீக்கர் பெட்டிய வச்சு, அதுக்கு முன்னால மைக் வச்சுத்தான்... ஆமா, உங்க மாடியில ராத்திரி வாசிப்பானே, அந்த மாதிரி... அப்பா. அப்பா, நான் சொல்றதக் கேளுங்க. நீங்க திட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சத்தியமா இல்ல.”

இருந்தது. “பெரியவர் தூங்கட்டும்டா” என்று சொல்லித்தான் நெட்டை ஆம்பை விற்றான். அதைச் சொன்னதும் இந்த அறையில்தான். அதுவும் எதிலும் பதிவாகவில்லை.

“இருக்கீங்களா?... ம்... ம்... ஒரு நிமிஷம் இருங்க. வச்சுடாதீங்க.”

மவுஸை இழுத்து, கடைசிப் பாட்டின் கடைசி ஓரத்துக்குப் போனான்.

“அப்பா, வழக்கமா வாசிப்பு நின்ன உடனே இரைச்சல வெட்டிடுவோம். கடைசிப் பாட்டுல மட்டும் வெட்டக் கூடாதுன்னு சண்டை போட்டான். கம்பி தானா ஓயணுமாம்... பிடிவாதம்தான், வேற யாரு புள்ள... அது ஓய்ஞ்சதும் கம்பி மேல கைய வைக்கிறான். ப்ரீஆம்ப அவ்வளவு ஏத்தி வச்சிருந்ததால சும்மா தொட்டாலே சத்தம் பெருசா விழும். போனை நல்லா காதுல வைங்க...”

ஸ்பீக்கரின் அருகே போனைப் பிடித்தான். உறுமல் தேய்ந்தது. பிறகு பொத்தென்று ஓர் ஓசை, ஒரு விரல் உரசல்.

“கேட்டுச்சா?... இல்லப்பா, அவன் பேசலை. அவன் கை அது... கைதான்... திரும்பவா? இதோ... ம்... அழாதீங்கப்பா... சரி, அழுங்க. நான் இருக்கேன்.”

“யாரு?... அம்மாவா? குடுங்க... அம்மா... ம்... ம்... ஆமாம்மா... அவன்தான்.”

அம்மாவுக்காக இன்னொரு முறை ஓடவிட்டான். அந்தக் கை கம்பியில் விழுவதற்கு முன்பே இணைப்பு அறுந்துவிட்டது.