கிணற்றுக் கை

எனக்கு ஸ்ட்ராபெரி வாசனை ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஒருமுறை அந்த வாசனைக்கே வாந்தி எடுத்திருக்கிறேன். இதை ஏன் முதலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். நடந்தது அந்த வாசனையில்தான் தொடங்கியது.

என் பெயர் செம்மலை. வயது நாற்பத்தொன்று. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினேழு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். இதுவரை என்னைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது. அதனால் இருட்டு மாளிகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோட்டையூர் ரோட்டில் மகிழம்பூ பார்க் இருக்கிறதே, அதற்குள் இருந்தது. ஆறு பெட்டி கோத்த குட்டி ரயில் ஒன்று இருட்டான வீட்டுக்குள் நுழைந்து சுற்றி வெளியே வரும். உள்ளே கதவு தானாகச் சாத்தும், மேலேயிருந்து சாக்கு மூட்டை விழுகிற மாதிரி விழும். அதெல்லாம் சும்மா. மூன்றாவது வளைவில் இடப்பக்கம் ஒரு கிணறு. அதிலிருந்து ஒரு ரப்பர் கை நீட்டிக்கொண்டிருக்கும். மேலே குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் எப்போதும் சில்லென்று வழவழப்பாக இருக்கும். வண்டி ஊர்ந்து தாண்டும்போது அந்தக் கையை எட்டிப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் வந்தவன் இருட்டு மாளிகைக்குப் போனதாகவே கணக்கில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் புதுவயலிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து அந்தக் கையைத் தொட்டுவிட்டுப் போகும். வெளியே வந்ததும் ஈரக் கையைப் பக்கத்தில் இருப்பவர் சட்டையில் துடைப்பார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் பன்னிரண்டு வயதில் முதல் தடவை பிடித்தேன். அதற்கப்புறம் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. முகநூலில் 'கிணற்றுக் கை ரசிகர்கள்' என்ற குழுவைத் தொடங்கியது நான்தான். ஆறாயிரத்து இருநூறு பேர். என்னோடு சேர்ந்து அதை நடத்தியது பாண்டீஸ்வரி. கோட்டையூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். தன் கல்யாணம் முடிந்த மறுநாளே கணவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கையைப் பிடிக்க வைத்தவள் அவள். இவளைப் போல ஒரு ரசிகை உண்டா என்று நானே எழுதியிருக்கிறேன்.

போன வருடம் பார்க் முதலாளியின் மகன் கார்த்திகேய சிவம் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தார். இருட்டு மாளிகையைப் புதுப்பிக்கப் போவதாக ஒரு படம் வெளியிட்டார். படம் முழுக்க ரோஸ் கலர். எங்கள் குழு கொதித்தது. ஒரே நாளில் ஆயிரத்து நானூறு கோப முகங்கள். துபாயிலிருந்து ஒருவர் குரல் பதிவில் தேம்பித் தேம்பி அழுதார். ஒருவர் கையைக் காப்பாற்றினால் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார். பாண்டீஸ்வரி மனு எழுதி, தன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினாள். அந்த இரண்டு வாரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

திறப்பதற்கு நாலு நாள் இருக்கும்போது கார்த்திகேய சிவம் எனக்கு போன் செய்தார்.

"அண்ணே, நீங்கதான் ரசிகருக்கெல்லாம் தலைவரு. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க. நீங்க நல்லாருக்குன்னு சொன்னீகன்னா நாலு பேரு கேப்பாக."

மரியாதையான பையன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை வந்தது. மெஷின் வைத்து ஸ்ட்ராபெரியை ஊதிக்கொண்டிருந்தார்கள். இருட்டே இல்லை, எங்கு பார்த்தாலும் ரோஸ் விளக்கு. மூன்றாவது வளைவில் கிணற்றுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. அதில் நீலக் கலரில் ஒரு பேய், கண்ணுக்கு மை தீட்டி, இடுப்பை ஆட்டிக்கொண்டு, "ஹாய் குட்டீஸ், நான்தான் பூதூ" என்றது. காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு வந்தது. இப்போது எழுதும்போதும் குமட்டுகிறது.

கை எங்கே என்று கேட்டேன்.

"அங்குட்டுத்தாண்ணே இருக்கு, திரைக்குப் பின்னாடி. கிணத்தை உடைச்சா தண்டவாளம் ஆட்டங்குடுக்கும்னாக. அதான் அப்படியே கருப்புத் துணியப் போட்டு மூடிட்டோம். கையை வெளிய நீட்டாதீகன்னு போர்டு வச்சாச்சு. இனிமே யாரு நீட்டப் போறா."

ஒரு தடவை தனியாகச் சுற்றி வருகிறேன் என்றேன். சம்மதித்தார். திரையின் இரும்புக் காலுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. பூதூ ஆடி முடிக்கிற வரை வண்டி அங்கே நிற்கும். நான் நொடி எண்ணினேன். எட்டு நொடி. பிறகு ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பும். சந்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பெரிய ஆளின் கை பாதி முன்னங்கை வரைதான் போகும், விரல் நுனிதான் துணியைத் தொடும். ரப்பர் கையைப் பிடிக்க வேண்டுமானால் முழங்கை வரை உள்ளே போக வேண்டும். அப்படிப் போகிற அளவுக்கு மெலிந்த கையாக இருந்தால், வண்டி கிளம்புவதற்குள் அதை வெளியே எடுக்க முடியாது. இதையெல்லாம் அப்போதே கவனித்தேன். எலும்பும் மூட்டும் எனக்குத் தொழில்.

கார்த்திகேய சிவத்திடம் வாசனை கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

திறந்தார்கள். எங்கள் ஆட்கள் சண்டை போடத்தான் போனார்கள். போனவர்கள் தலையில் பூதூ கொம்பை மாட்டிக்கொண்டு பல்லை இளித்துப் படம் எடுத்துப் போட்டார்கள். மொட்டைக்கு நேர்ந்துகொண்டவர் குடும்பத்தோடு நீலப் பஞ்சுமிட்டாய் தின்கிற படம் வந்தது. துபாய்க்காரர் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டார். எனக்கு அருவருப்பாக இருந்தது. எச்சில் இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். ஆறாம் நாள் பாண்டீஸ்வரி எழுதினாள்: "போயிட்டு வந்தோம். புதுசும் நல்லாத்தான் இருக்கு. என் மக சிரிச்சு சிரிச்சு வயித்து வலியே வந்துருச்சு." எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் அதை விரும்பியிருந்தார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம்தான் நானும் ஒரு பதிவு போட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "கை இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது வளைவில் இடப்பக்கம், திரைக்கும் சுவருக்கும் நடுவே. வண்டி நிற்கும்போது கையை விட்டால் கிடைக்கும். உண்மையான ரசிகர் யாரென்று பார்ப்போம்." இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. எத்தனை நொடி நிற்கும் என்று எழுதவில்லை, அவ்வளவுதான். என் எண்ணம் எளிமையானது. மனு கொடுத்தால் குப்பைக் கூடைக்குப் போகும். யாருக்காவது அடிபட்டால் திரையைக் கழற்றுவார்கள். திரையைக் கழற்றினால் கை வெளியே வரும்.

மறுநாளிலிருந்து சிராய்த்த விரல்களின் படங்கள் வரத் தொடங்கின. ஒருவருக்கு நகம் பெயர்ந்திருந்தது. பெருமையாகத்தான் போட்டிருந்தார். நான் எல்லாவற்றுக்கும் கைதட்டல் போட்டேன். குழுவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் சிராய்ப்புக்காக யாரும் திரையைக் கழற்ற மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பாண்டீஸ்வரி குரல் பதிவு அனுப்பினாள். அதை நீங்களே கேட்டுவிட்டீர்கள். "அண்ணே, நித்யஸ்ரீ உங்க பதிவைப் பாத்துட்டு ஒரே அடம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். சின்னப் புள்ள கை அதுக்குள்ள போகுமாண்ணே? ஒண்ணும் பயமில்லையே?"

நித்யஸ்ரீ அவளுடைய ஒரே மகள். ஒன்பது வயது. அந்தப் பிள்ளையின் கையை எனக்குத் தெரியும். போன வருடம் சைக்கிளிலிருந்து விழுந்தபோது அதே இடது மணிக்கட்டை நான்தான் படம் எடுத்தேன். எவ்வளவு அகலம் என்று ஊகிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நான் பதில் எழுதினேன்: "சின்னக் கைதான் சுலபமாகப் போகும்."

அவள் கும்பிடு போட்டு அனுப்பினாள்.

ஞாயிறு எனக்கு ஓய்வு நாள். அன்றைக்கு நான் வருகிறேன் என்று கூட வேலை பார்க்கும் சத்தியமூர்த்தியிடம் சொல்லி மாற்றிக்கொண்டேன். இதை நீங்கள் பெரிதுபடுத்திக் கேட்டீர்கள். சத்தியமூர்த்தி எடுக்கிற படம் பாதி நேரம் கலங்கலாக இருக்கும். நசுங்கிய கைக்கு நல்ல படம் முக்கியம். அக்கறையில்தான் செய்தேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கொண்டுவந்தார்கள். நித்யஸ்ரீயின் இடது கை துண்டில் சுற்றியிருந்தது. பாண்டீஸ்வரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க இருக்கீகளா, நல்லவேளை அண்ணே, நல்லவேளை" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையை மேஜையில் படுக்க வைத்தேன். அது அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"கையப் பிடிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"பிடிச்சேன் மாமா. சில்லுன்னு இருந்துச்சு."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆடாமல் இரு என்றேன். ஆடவில்லை. படம் தெளிவாக வந்தது. மதுரையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். எழுதுகிற கை தப்பித்தது என்று பாண்டீஸ்வரியிடம் நான்தான் ஆறுதல் சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. கார்த்திகேய சிவம் திரையைக் கழற்றவில்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே மண் அள்ளும் இயந்திரத்தை வரச்சொல்லி மாளிகையையே இடித்துத் தள்ளிவிட்டார். கிணறு, கை, எல்லாம். எங்கள் குழுவில் நாலாயிரம் பேர் கும்பிடு போட்டுப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டார்கள். அந்தக் கை என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்கவில்லை. இவர்களுக்காகவா இவ்வளவும் செய்தேன் என்று இருந்தது.

பாண்டீஸ்வரி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவளுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. பிள்ளையைக் கெடுத்துவிட்டாயே என்று கணவன் ஏசியபோது, "செம்மலை அண்ணங்கிட்டக் கேட்டுட்டுத்தான் விட்டேன்" என்று என் பதிலை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அவன்தான் அதை உங்களிடம் கொண்டுவந்தான்.

நேற்று கடைசியாக ஒன்று கேட்டீர்கள். புதுசும் நல்லாத்தான் இருக்கு என்று எழுதாத வேறு ஒரு தாய் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்று. யோசித்து எழுதித் தருகிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வண்டி எட்டு நொடியில் கிளம்பிவிடும், பிள்ளையின் கையை உள்ளே விடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை. இதை என் பக்கத்து நியாயமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.