பர்பிக்கு ஒரு செக்கிங்

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், காக்களூரிலிருந்து திருவள்ளூர் ஸ்டேஷன் போகும் ஷேர் ஆட்டோ. எனக்கு எதிர் சீட்டில் ஷிப்ட் முடிந்த இரண்டு பெண்கள். மூத்தவர் டிபன் பையை மடியில் தொப்பென்று போட்டார்.

“கம்பெனில இரும்பு அளக்குற வெர்னியர எடுத்துனு வந்து பர்பிய அளக்குறாருடி எங்க ஊட்டுக்காரரு.”

சின்னவள் சிரித்துவிட்டாள். “இன்னாக்கா சொல்ற?”

“சிரிக்காத. குவாலிட்டி செக்கிங்ல கீறாரு இல்ல, அந்த புத்தி. டின் பால ஊத்தி, சாக்லேட்ட போட்டு பத்து நிமிஷம் கிண்டுனா போதும், ரொம்ப ஈசின்னு போன்ல பாத்து செஞ்சேன். நல்லாத்தான் வந்துச்சி. இவரு குந்திக்கினு ஒவ்வொண்ணா அளந்து, இது ஒசரம் கம்மி, இது ஓரம் கோணல்னு தனியா எடுத்து வெச்சி, அந்தத் தட்டுக்கு செவப்பு ஸ்டிக்கர் வேற ஒட்டுறாரு.”

“ஸ்டிக்கரா!”

“ஆமா. ரிஜெக்ட்டாம். ஒண்ணுகூட பாஸாவல.”

“அந்த பர்பி அல்லாத்தயும் இன்னா பண்ணீங்க?”

“அவருதான் தின்னாரு. ஒண்ணு வுடல. நல்லா கீதுன்னு ஒரு வார்த்த? ஊஹும்.”

“அப்ப நாளைக்கு பள்ளிப்பட்டுல உன் நாத்தனாருக்கு இன்னா எடுத்துனு போவ?”

“கடைல ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கியாந்துட்டாரு.”

“அத்தயும் அளந்தாரா?”

ஸ்டேஷன் வந்துவிட்டது. மூத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

“பொட்டியவே தொறக்கலடி.”