ஐந்து வீட்டு மரங்கள்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. துணிந்தமைக்குப் படிப்போர் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கொல்லிமலை ஆலத்தூர் நாட்டிலிருந்து, இரண்டாயிரத்தாறாம் ஆண்டில், துறையூருக்கு இறங்கி வந்த தேன்மொழியும், அங்கே கணினிக் கடை வைத்திருந்த முபஷிரும் பேசியவை மட்டுமே கீழே உள்ளன.

— உட்காரச் சொல்லாதீங்கண்ணா. உங்க சாப்ட்வேர் போட்ட படத்தை வச்சுத்தான் எங்கப்பனையும் மாணிக்கம் மாமனையும் பிடிச்சிருக்கான் அந்த மரக் கம்பெனிக்காரன். மத்தவங்க சரின்னுட்டாங்கன்னு பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டான். எங்க அஞ்சு ஊட்டுக்கும் பொதுவா, மிளகுக்கொடி ஏறியிருக்கிற மரம் பூராவும் அவனுக்காம். ரெண்டு பேர் கையெழுத்தை வச்சே அஞ்சு ஊடும் சம்மதம்னு பேப்பர் சொல்லுது.

— என் சாப்ட்வேர் அப்படிக் காட்டாது தங்கச்சி. யார் யார் கூட்டமாச் சேர்றாங்கன்னு பார்க்கத்தான் அதை எழுதினேன். அஞ்சு வீடு சேர்ந்தா, அஞ்சையும் சுத்தி ஒரே வட்டம். ரெண்டு ரெண்டு பேராப் பிரிக்கவே பிரிக்காது.

— வட்டமா? இந்தாங்க, பாருங்க. எங்க இருக்குது வட்டம்? ஆளுக்கு ஆளு கோடா இழுத்திருக்குது. எங்கப்பனுக்கும் மாமனுக்கும்தான் கோடு அதிகம். அவங்க ரெண்டு பேரும் சரின்னா மத்தவங்க பின்னாலயே வந்துருவாங்களாம்.

— இது எப்படி...

— எங்க நாட்டுல அஞ்சு ஊடும் ஒண்ணா உட்காந்தாத்தான் சொல்லு செல்லும். ஒரு ஊடு வரலைன்னாலும் எந்திரிச்சுப் போயிருவோம். மாசக்கணக்கா எங்க ஊட்டுக் களியத் தின்னுட்டு இதத்தானுங்களே எழுதிட்டுப் போனீங்க?

— அதைப் பார்த்துத்தாம்மா வட்டமே போட்டேன். காசு வாங்காம, உள்ள எழுதினது எல்லாத்தையும் தெறந்து நெட்ல வச்சேன். யார் வேணும்னாலும் எடுத்து மாத்தலாம். எவனோ மாத்தியிருக்கான்.

— எவனோ இல்லீங்க. உங்க கூட்டாளி, என் கூடப்பொறந்தவன், இளங்கோ. அவனே சொன்னான். பழைய கம்ப்யூட்டர்ல வட்டம் வர நேரமாகுதுன்னு கோடா மாத்தி உங்களுக்கு அனுப்பினானாமா. படிச்சுப் பாத்தீங்களா?

— மலைக்காரன் அனுப்பினது, சரியாத்தான் இருக்கும்னு அப்படியே சேர்த்துட்டேன்.

— நல்லா இருக்குதுங்க நாயம். பால்வாசம் போறதுக்குள்ள ஹாஸ்டலுக்குப் போனவன் அவன். ஒரு கூட்டத்துலகூட உட்காந்ததில்ல. மலையில பொறந்துட்டா எல்லாம் தெரிஞ்சுருமா?

— தப்பு என்மேலதான். நாளைக்கே மலைமேல செம்மேடு பாரஸ்ட் ஆபீசுக்கு வர்றேன் தங்கச்சி. படம் தப்பு, இதை வச்சு ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்.

— இன்னிக்கு விடியறப்பவே ரம்பம் வந்துருச்சுங்க.

— அப்ப நீ எதுக்கு இவ்வளவு தூரம்...

— போனதைச் சொல்லிட்டுப் போகத்தான். மரம் போச்சு. அதுல ஏறுன கொடி போச்சு. வார வருசத்து மிளகு போச்சு. இளங்கோ எங்க போனான்னு தெரியல. மத்த மூணு ஊட்டுக்காரங்களும் காலையில எங்க வாசலைத் தாண்டித்தான் போனாங்க. எங்கப்பன் கூப்பிட்டாரு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கலீங்க.