ரோபோவுக்கு அமாவாசை லீவு

செஞ்சியிலிருந்து மேல்மலையனூருக்குப் போகும் அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும். கோட்டை மலை ஜன்னலை விட்டு மறைவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"கல்யாண நாளுக்குன்னு ஆசையா வூடு பெருக்கற ரோபோ வாங்கிக் குடுத்தேன். இன்னா அண்ணி, இன்னிக்கு அதை ஆஃப் பண்ணி மூலையில வச்சிருக்கீங்க?"

"அதுக்கு இன்னிக்கு லீவு, சுமதி."

"மிஷினுக்கு இன்னா லீவு?"

"ரோபோங்கற பேரு எப்படி வந்துதுன்னு பாப்பா போன்ல படிச்சுக் காட்னா. ஐரோப்பாவுல செக் நாடுன்னு ஒண்ணாம். அங்க அந்தக் காலத்துல பண்ணையாருக்குக் குடியானவன் கூலியில்லாம உழைக்கணுமாம். அந்த வேலைக்கு ரோபோட்டான்னு பேராம். அதுல இருந்துதான் ரோபோவாம்."

"சரி, இருக்கட்டும். அதுக்கு?"

"அப்ப அதுவும் பண்ணையாள்தானே? அமாவாசையில நம்ம ஊர்ல மாட்டைப் பூட்டி ஏர் ஓட்டுவாங்களா? மாட்டுக்கே லீவு வுடறோம், அது இன்னா பாவம் பண்ணிச்சு? பொட்டு வச்சு, ஒரு முழம் பூ வச்சுட்டு வந்தேன்."

"பூவா!" நாத்தனார் சிரித்த சிரிப்பில் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

"அப்ப இன்னிக்கு வூட்டை யாரு பெருக்கறது அண்ணி?"

அண்ணியின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மே, தொடப்பம் எங்க இருக்குது?" என்றது ஓர் ஆண் குரல்.

"கல்யாணமான நாள்லேருந்து இருக்கற எடத்துலதான்."