வத்தல்மலையில் நூற்று நான்கு பிரேம்கள்

வத்தல்மலைக்கு மேலே தெரியும் நட்சத்திரங்களை ஒரே நிமிடத்தில் மூன்று மடங்காக்கியவன் நான். சிரிக்காதீர்கள் இன்ஸ்பெக்டர், டீ ஆறுகிறது.

முதலில் சிரித்தவர் கலைவாணன். தருமபுரி போட்டோ சங்கத்தின் தலைவர். கல்யாண மண்டபத்துக்கு வெளியே அவர் எடுத்த படம் எதையும் நான் பார்த்ததில்லை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற நான், வெறும் இருநூறு எம்.எம். டெலி லென்ஸை வைத்து, வத்தல்மலையிலிருந்தே ஓரியன் நெபுலாவைப் பிடிக்கிறேன் என்று சங்கத்தில் சொன்னேன்.

"நெட்டுல சுட்டுட்டு வந்து நீட்டுவாரு பாருங்க. இவருக்குப் போக்கஸ் ஆகறது டிரான்ஸ்பார்மர் மட்டுந்தாங்க" என்றார் கலைவாணன். இருநூறு பேர் சிரித்தார்கள். சரி, பதினொரு பேர்.

நெபுலா என்பது வானத்தில் பரவிக் கிடக்கும் வாயு மேகம். அதன் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரம் நகர நகரக் கேமராவையும் கூடவே திருப்பும் குட்டி மோட்டாரை வைத்து, இரண்டிரண்டு நிமிடமாக நூறு பிரேம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அதற்கு நல்ல இருட்டு வேண்டும். மலை ஊர்க்காரர்களோ கோயில் முன்னால், மாட்டுக்கொட்டகையில், ஏன், கோழிக்கூண்டில்கூட எல்.இ.டி. மாட்டி வைத்திருக்கிறார்கள். கோழி என்ன படிக்கவா போகிறது.

ஆகவே மார்கழி அமாவாசையன்று, ஊர் டிரான்ஸ்பார்மரிலிருந்து, கரண்டைக் கடத்தும் மூன்று பியூஸ் கேரியரையும் உருவிக் கேமரா பையில் போட்டுக்கொண்டேன். லைனில் ஏறுகிறவன் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். வேறு யாரும் கரண்டு விட்டுவிடக் கூடாதல்லவா. ஊர் அணைந்தது. வானம் கொட்டியது.

அந்த ஊர் மாதையன் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுவது தெரியுமா என்று கேட்கிறீர்கள். அதற்கு பிளக் பாயின்ட் வைத்துக் கொடுத்ததே நான்தான்.

முக்கால் மணி நேரத்தில் அவர் மனைவி ரங்கம்மாள் டார்ச்சோடு ஓடி வந்தார். "அண்ணா, மெஷினு நின்னு போச்சுங்க. அவருக்கு மூச்சு இழுக்குது. நீங்க கரண்டு வேலை பாத்தவருதானுங்களே, ஒரு எட்டு வந்து பாருங்க."

"மொதல்ல டார்ச்சை அணைம்மா. கரண்டு வந்துரும், போ" என்றேன்.

அணைத்தார். மரியாதை தெரிந்த பெண். அந்த ஒரு பிரேம் மட்டும்தான் கெட்டது.

மீதியை எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பிறகு கேரியர்களை மாட்டினேன். அதற்குள் மாதையன் முடிந்துவிட்டார். பழுதான நுரையீரல், என்றைக்கிருந்தாலும் போகிற உயிர். நான் அவரைத் தொடக்கூட இல்லை.

கரண்டுக் கோளாறு என்று நம்பி ஊர் அவரைப் புதைத்துவிட்டது. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், "சுட்டதுதான். அந்த மலையில அத்தனை இருட்டு ஏதுங்க?" என்கிறார் கலைவாணன். இருட்டு எங்கிருந்து வந்தது என்று யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும். அதனால்தான் நானாக உங்களிடம் வந்தேன். மெமரி கார்டைப் பார்க்க அவரையே கூப்பிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

காலையில் வந்தார். நூற்று நான்கு பிரேமையும் ஊரில் கரண்டு போயிருந்த நேரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, அதோ அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்க வெட்கம் போலிருக்கிறது. உங்களிடம்தான் சொன்னார்: "இவரே எடுத்ததுதாங்க சார். நிஜப் படம்."

அதை முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மாதையனை நான் கொன்றது அடுத்த பக்கத்தில் வரட்டும்.