கல்லறைச் சுவருக்கு வெளியே நான்கடி

தலைமையேற்றிருக்கும் பங்குப் பேரவைத் தலைவர் லூர்துநாதன் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிய ஈரக் காலோடு வந்திருக்கும் ஜெயமங்கலத்துப் பெரியோர்களே, வெயிலில் நின்றும் நிழலாய் நிற்கும் தாய்மார்களே, கயிறு பிடித்த கையோடு காத்திருக்கும் மேஸ்திரி கோட்டைச்சாமி அண்ணன் அவர்களே! ரீட்டாவின் வணக்கம்.

கல்லறைத் தோட்டத்துக்குப் புதுச் சுவர். இன்று அடிக்கல். நேற்று மேஸ்திரி முளையடித்துக் கயிறு கட்டினார். கயிற்றுக்கு வெளியே, நான்கடியில், ஒரு சின்னக் கல். கேட்டார்.

"இங்கன ஒரு பிள்ளை கெடக்கே. உள்ளயா, வெளியவா?"

அது இருதயம்மாள் அக்காவின் பிள்ளை. பிறந்த ஒரு மணி நேரத்தில், ஞானஸ்நானத்துக்கு முன்பே போனது. அன்று பெரியவர்கள் தீர்ப்பளித்தார்கள்: "புத்தகத்துலயே வெளியதான்னு இருக்காம்." இருபத்தேழு ஆண்டுகள். அக்கா நேற்று என்னிடம் கேட்டார்: "சுவரு எந்திரிச்சிட்டா, நான் எங்கிட்டு நின்னு, ஆத்தா, மெழுகுவத்தி ஏத்துவேன்?"

அந்தப் புத்தகத்தைத்தான் பல்கலைக்கழகத்தில் வாசிக்கிறேன். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு துறவி எழுதியது. ஆம், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை சொர்க்கத்துக்கு வெளியே என்றுதான் இருக்கிறது. மறைக்கமாட்டேன்.

ஆனால், வாசிப்பு என்பது என்ன? வரியைப் பார்ப்பதா? அந்த வரி எந்தக் கேள்விக்கு விடை என்று பார்ப்பதா? அவர் காதில் விழுந்த கேள்வி எது? அந்தக் குழந்தைக்கு வலிக்குமா என்பது! அவருக்கு முன் எழுதியவர்கள் சொன்னார்கள்: கொஞ்சம் வலிக்கும். அவர் எழுதினார்: வலி இல்லை. வருத்தம் இல்லை. மகிழ்ச்சி உண்டு.

என்ன தங்கப்பாண்டி அண்ணே? "அப்ப உள்ளன்னே எழுதியிருக்கலாம்ல, மோரு வேற புளிக்குது!" கூட்டம் முடிந்து தரும் மோர்தானே, புளித்தாலும் குடிப்போம், அண்ணே. கேள்வி சரியான கேள்வி. அவர் காலத்தில் அவரால் ஓரடிதான் நகர முடிந்தது. அந்த ஓரடியை மறந்தோம். 'வெளியே' என்பதை மட்டும் மனப்பாடம் செய்தோம். அவர் கேட்ட கேள்வியோடு மேஸ்திரியின் கேள்வியும் சேரும்போதல்லவா புத்தகத்தின் அந்தப் பக்கம் திறக்கிறது! அவர் நின்ற இடத்தில் சுவரெழுப்புவதா அவரை வாசிப்பது? அவர் நடந்த திசையில் நடப்பதல்லவா!

ஐயா, கல்லை அசைக்க வேண்டாம். கயிற்றை நகர்த்துங்கள். நான்கடி.

தலைவர் எழுந்துவிட்டார். "கோட்டைச்சாமி, முளையப் பிடுங்கப்பா" என்கிறார். "நான் எதுக்குங்கய்யா? அக்காவே பிடுங்கட்டும்" என்கிறார் மேஸ்திரி.

வாருங்கள் அக்கா. ஆழமாக அடித்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள்.

ஒதுங்கி வழிவிடும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.